கொரங்காட்டை உழாதீங்க: பழைய புல் நிலத்துக்கு வேண்டியது விதையும் பொறுமையும்

கொடுமுடியில் காவிரி கிழக்கே திரும்புகிறது. ஆற்றை ஒட்டி மஞ்சள், கரும்பு, வாழை, தென்னை என்று பச்சைக்குக் குறைவில்லை. அங்கிருந்து மேற்கே முத்தூர், வெள்ளகோவில் பக்கம் பஸ் ஏறிப் போனால் கொஞ்ச நேரத்திலேயே நிலம் வேறு நிறத்துக்கு மாறிவிடும். வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக்காடு. இட்டேரியின் இரண்டு பக்கமும் கிளுவை வேலி. வேலிக்கு உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். மரங்களுக்கு நடுவே புல். கொங்குச் சீமையில் இதற்குக் கொரங்காடு என்று பெயர்.

இப்போது பல கொரங்காடுகளில் வேலி இருக்கிறது, மரம் இருக்கிறது, புல்தான் இல்லை. இருக்கிற புல்லும் தலையில் முடி கொட்டின மாதிரி திட்டுத்திட்டாக நிற்கிறது. நடுவில் கொழுஞ்சியும் சீமைக்கருவேலும் ஏறிவிட்டன. சொந்தக்காரர் என்ன நினைப்பார்? "இதுல என்னங்க இருக்குது, ஒருக்கா ரோட்டவேட்டர் உட்டுட்டுப் புதுசா விதையைத் தூவுனா ஆச்சு." டிராக்டர்காரரும் தயார். அரை நாள் வேலை. காடு பார்க்கச் சுத்தமாகிவிடும்.

அந்த அரை நாள் வேலையைச் செய்ய வேண்டாம் என்பதே நாம் சொல்ல வருவது. மெலிந்துபோன கொரங்காடு செத்துப்போன கொரங்காடு அல்ல. மண்ணைப் புரட்டாமலேயே அதில் மறுபடி புல்லைக் கொண்டுவர முடியும். அதற்கு ஆகும் செலவில் பெரிது விதையும் அல்ல, உழவும் அல்ல, காத்திருப்பதுதான். அந்தக் காத்திருப்புக்குத் துணை நிற்க வேண்டியது அரசின் கடமை.

கொரங்காடு என்றால் என்ன?

கொங்கில் 'காடு' என்றால் வனம் என்று அர்த்தம் இல்லை, மானாவாரி நிலம். அந்த மானாவாரியிலும் பயிர் வைக்காமல், மேய்ச்சலுக்கென்றே வேலி போட்டுக் காக்கிற பட்டா நிலம்தான் கொரங்காடு. ஈரோடு, திருப்பூர், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் இது பரவிக் கிடக்கிறது. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரங்களில் அதிகம்.

இதில் மூன்று அடுக்கு உண்டு. தரையில் கொழுக்கட்டைப் புல். அதோடு நரிப்பயறு, செப்புநெருஞ்சி மாதிரி சின்னச் சின்னச் செடிகொடிகள். மேலே வெள்வேல மரம். நிழலும் தரும், கோடையில் ஆடு மாடு தின்னக் காயும் உதிர்க்கும். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. ஒரு தடவை குச்சி நட்டுப் பிடித்துவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கிற ஊர்கள் இவை. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். இவ்வளவு குறைந்த மழையில், கிணறு இல்லாமல், உரம் இல்லாமல், ஒரு குடும்பத்தின் மாட்டையும் ஆட்டையும் காப்பாற்றுகிற ஏற்பாடு வேறு எது?

காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்த கதை கொங்கில் எல்லோருக்கும் தெரியும். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்குப் போனால் இன்றும் அந்த மாட்டின் மவுசு தெரியும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. ஆனால் அது மேய்கிற புல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. மாட்டைக் காப்பாற்றிப் புல்லை விட்டுவிட்டால், அது கட்டுத்தறியில் கலப்புத் தீவனம் தின்கிற மாடாகத்தான் மிஞ்சும்.

புல் ஏன் மெலிகிறது?

முதல் காரணம், ஓய்வில்லாத மேய்ச்சல். கொழுக்கட்டைப் புல் பல ஆண்டு நிற்கிற புல். தூரில் சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கோடையைத் தாங்கி, மழை வந்ததும் துளிர்க்கும். மழைக்குத் துளிர்த்த மறுவாரமே ஆட்டை விட்டால், தூரில் இருக்கிற கையிருப்பு கரையும். கதிர் வருவதற்கு முன்பே மேய்ந்துவிட்டால் விதை விழாது. இப்படி ஐந்தாறு வருஷம் போனால், பழைய தூர் சாகும். அந்த இடத்தில் முளைக்கப் புது விதை இருக்காது.

இரண்டாவது காரணம், சீமைக்கருவேல். அதன் காயை ஆடு மாடு விரும்பித் தின்னும். விதை சாணியோடும் புழுக்கையோடும் வந்து விழுந்து முளைக்கும். வேலி ஓரத்தில் ஒன்று இருந்தால் போதும், சில வருஷத்தில் நடுக்காட்டுக்கு வந்துவிடும்.

மூன்றாவது, ஆள் இல்லை. பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். வயசான அம்மாவும் அய்யனும் பத்து ஆட்டை ஓட்டிக்கொண்டு இருக்கிறார்கள். கடவை மூடித் திறந்து, இந்த மாதம் இந்தக் காடு, அடுத்த மாதம் அந்தக் காடு என்று மாற்றி மேய்க்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? கடவு எப்போதும் திறந்தே கிடக்கிறது.

இந்த மூன்றில் எதுவும் மண் இறுகிப்போனதால் வந்தது அல்ல. அப்படியிருக்க உழவு எப்படி மருந்தாகும்?

உழுதால் என்ன கெட்டுப்போகும்?

இந்த மேட்டுக்காட்டு மண் ஆழம் இல்லாதது. பல இடங்களில் ஒரு அடி தோண்டினாலே சரளையும் சுண்ணாம்புக்கல்லும் வந்துவிடும். நல்ல மண் என்பது மேலே இருக்கிற சில அங்குலம்தான். அந்தச் சில அங்குலத்தைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர். ரோட்டவேட்டர் அந்த வேரை அறுத்து மண்ணைப் பொடியாக்குகிறது. பொடியான செம்மண்ணில் ஐப்பசி மழை ஓங்கி அடித்தால், மேலே ஓடு கட்டும். தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். கூடவே மண்ணும் ஓடும். மறுநாள் ஓடையில் செந்தண்ணி போகும். அது நம் காட்டு மண்தான்.

அடுத்தது, களை. மண்ணுக்குள் வருஷக்கணக்காக உறங்குகிற பார்த்தீனியம், சீமைக்கருவேல் விதைகளுக்கு உழவு என்பது அழைப்பு மாதிரி. புல் விதை முளைத்து வருவதற்குள் அவை முந்திக்கொள்ளும். புல்லுக்காக உழுது பார்த்தீனியம் அறுவடை செய்த காடுகள் உண்டு.

மூன்றாவது, இருக்கிற புல்லும் போய்விடும். திட்டுத்திட்டாக நிற்கிற அந்தப் பழைய தூர்கள் எத்தனையோ வறட்சியைத் தாண்டி வந்தவை. இந்த மண்ணுக்கும் இந்த மழைக்கும் பழகியவை. அவற்றில் இருந்து விதை விழ வழி செய்தால் அதைவிட நல்ல விதை கடையில் கிடைக்காது. அவற்றைக் கொன்றுவிட்டு, வெளியில் இருந்து வாங்கின விதையை, மழையை நம்பித் தூவுகிறோம். மழை பொய்த்தால்? பழைய புல்லும் இல்லை, புதுப் புல்லும் இல்லை.

இது நம் ஊர்ப் பயம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் காலங்காலமாகப் புல் மூடியிருந்த மண்ணைக் கோதுமைக்காக உழுதார்கள். 1930-களில் வறட்சி வந்தபோது அந்த மண் புழுதிப் புயலாக எழுந்து ஊர்களையே மூடியது. 1935-இல் அங்கே மண் பாதுகாப்புக்கென்றே தனி அரசுத் துறை தொடங்க வேண்டி வந்தது.

'எங்க அப்பாரு காலத்துல உழுதாங்களே?'

நியாயமான கேள்வி. சில ஆண்டுக்கு ஒருமுறை கொரங்காட்டை லேசாக உழுது, சோளமோ கம்போ நரிப்பயறோ விதைத்து, பிறகு மறுபடி புல்லுக்கு விடுகிற வழக்கம் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த உழவு வேறு, இந்த உழவு வேறு.

அன்று ஓட்டியது நாட்டுக்கலப்பை. அது மண்ணைக் கீறும், புரட்டாது. சாலுக்கும் சாலுக்கும் நடுவே தூர் தப்பிக்கும். மண்ணுக்குள் புல் விதை நிறையக் கிடந்தது. சுற்றி நாலு பக்கமும் நல்ல கொரங்காடு இருந்ததால் காற்றே விதையைக் கொண்டுவந்து போட்டது. இன்று ரோட்டவேட்டர் ஒரு அங்குலம் விடாமல் அரைக்கிறது. மண்ணில் விதை இல்லை. பக்கத்துக் காடு வீட்டுமனையாகவோ தென்னந்தோப்பாகவோ மாறிவிட்டது. அப்பாரு செய்ததன் சாரம் 'கொஞ்சமாகக் கீறு, விதை விழவிடு' என்பது. அதை எடுத்துக்கொள்வோம்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

எந்த வேலைக்கும் முன்னால் காட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு மீட்டர் நீளத்தில் நாலு குச்சி எடுத்துச் சதுரமாகக் கட்டுங்கள். காட்டுக்குள் நடந்தபடி, கண்ணால் தேர்ந்தெடுக்காமல், பத்துப் பதினைந்து இடத்தில் போடுங்கள். உள்ளே எத்தனை உயிருள்ள கொழுக்கட்டைத் தூர் இருக்கிறது என்று எண்ணுங்கள். காய்ந்த தூர் என்று தள்ளிவிடாதீர்கள். அடியைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளையாகவோ பச்சையாகவோ உயிர் தெரியும்.

புதிதாகக் கொழுக்கட்டைப் புல் நடுகிறவர்களுக்கு 50-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி சொல்லப்படுகிறது. அந்தக் கணக்குப்படி ஒரு சதுர மீட்டருக்கு ஆறு ஏழு தூர் இருந்தால் முழு நிலம். அதை வைத்துக் கைக்கணக்காக இப்படிப் பிரிக்கலாம். சராசரியாக நாலைந்து தூர் இருந்தால் விதையே வேண்டாம். ஒரு மழைக்காலம் கடவை மூடினால் போதும். ஒன்று முதல் மூன்று என்றால் இடையில் விதை போட வேண்டும். ஒன்றுகூட இல்லாத வெறும் திட்டுகளில் மட்டும் மண்ணைக் கீறுகிற வேலை உண்டு. ஒரே காட்டில் இந்த மூன்றும் இருக்கலாம். அந்தந்த இடத்துக்கு அந்தந்த வேலை.

விதை எங்கே கிடைக்கும்? எப்போது போடுவது?

நல்ல விதை உங்கள் இட்டேரியிலேயே இருக்கிறது. ஆடு மாட்டின் வாய் எட்டாத வேலி ஓரத்தில், கிளுவை முள்ளுக்குள் நிற்கிற கொழுக்கட்டைப் புல் மழை முடிந்ததும் கதிர் முற்றும். மார்கழி, தை மாதத்தில் கதிரைக் கையால் உருவினால் சுணையோடு விதை கையில் வந்துவிடும். நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு, எலி எட்டாத இடத்தில் தொங்கவிட வேண்டும்.

உடனே விதைக்கக் கூடாது. அறுத்த புது விதைக்கு உறக்கம் உண்டு. ஆறு முதல் எட்டு மாதம் கழிந்த பிறகுதான் நன்றாக முளைக்கும். தையில் உருவின விதைக்குப் புரட்டாசியில் எட்டு மாதம் ஆகியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் விதைக்க அதுவே சரியான நேரம். கடையில் வாங்குகிறவர்களும் எப்போது அறுத்த விதை என்று கேட்டு வாங்க வேண்டும். 'போன வருஷத்து விதைங்க' என்று விற்பவர் தயங்கித் தயங்கிச் சொன்னால், இந்தப் புல்லைப் பொறுத்தவரை அது நல்ல செய்தி.

வெளியில் வாங்க வேண்டியிருந்தால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 நீலக் கொழுக்கட்டைப் புல் மானாவாரிக்கு ஏற்றது. எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ பரிந்துரை. ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்றேகால் கிலோ. 'பாதிக் காட்டில் பழைய தூர் இருக்கிறதே' என்று விதையைப் பாதியாகக் குறைக்க வேண்டாம். உழாமல் தூவும்போது எறும்புக்கும் வெயிலுக்கும் ஒரு பங்கு போகும்.

புல்லோடு கொஞ்சம் முயல்மசாலும் சேர்த்தால் நல்லது. பயறு வகை என்பதால் மண்ணில் தழைச்சத்து சேர்க்கும், ஆட்டுக்கும் நல்ல தீனி. ஆனால் அதன் விதைத்தோல் கெட்டி. 80 டிகிரி சூட்டில் இருக்கிற வெந்நீரில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட வேண்டும். அப்படியே தூவினால் முக்கால்வாசி முளைக்காமல் கிடக்கும்.

மண்ணைப் புரட்டாமல் விதைப்பது எப்படி?

பழைய புல்வெளியில் உழாமல் விதை சேர்ப்பது உலகமெங்கும் நடக்கிற வேலைதான். பனி உறைகிற நாடுகளில் குளிர்காலக் கடைசியில் உறைந்த தரை மேலேயே விதையைத் தூவிவிடுவார்கள். பனி உறைந்தும் உருகியும் மண் வாய் திறந்து மூடும்போது விதை தானாக உள்ளே போய்விடும். நமக்குப் பனி இல்லை. ஆட்டுக் குளம்பும் முதல் மழையும் அந்த வேலையைச் செய்யும். வரிசை இதுதான்:

ஆவணியில் சீமைக்கருவேலை எடுக்க வேண்டும். வெட்டினால் மறுபடி தழையும். வேரோடு பிடுங்க வேண்டும். பெரிய மரங்களுக்கு இயந்திரம் வந்தாலும் அந்தக் குழி அளவோடு நிறுத்துங்கள். அதே சாக்கில் காடு முழுக்கச் சமன்படுத்திவிடக் கூடாது. வெள்வேலக் கன்றையும் கருவேலக் கன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் கூட இருக்கட்டும்.

ஆவணிக் கடைசியில் ஆடு மாட்டை விட்டு நன்றாக மேய்த்துவிடுங்கள். மற்ற நாளில் தப்பான இந்த வேலை இப்போது சரி. புல் கட்டையாக இருந்தால்தான் புது முளைக்கு வெளிச்சம் கிடைக்கும். வெறும் திட்டுகளில் இரண்டு மூன்று இரவு ஆட்டுப்பட்டி போட்டால் குளம்பு மண்ணை உடைக்கும், புழுக்கையும் சேரும். அந்த ஆடுகள் சீமைக்கருவேல் காய் தின்னுவிட்டு வந்தவையாக இருக்கக் கூடாது. மூன்று நாலு நாள் வேறு தீனி போட்டு, வயிறு சுத்தமான பிறகு பட்டியில் அடையுங்கள்.

ஒன்றுமே முளைக்காத, ஓடு கட்டின இடங்களில் மட்டும் கீறல் போடலாம். நாட்டுக்கலப்பை கிடைத்தால் அதுவே சிறப்பு. டிராக்டர்தான் என்றால் அஞ்சு கலப்பையில் இரண்டு கொழுவை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிவிடுங்கள். இரண்டு அங்குல ஆழம் போதும். சரிவுக்குக் குறுக்கே ஓட்ட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு சாலும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும். சாலுக்குச் சால் மூன்று நாலு அடி விட்டுவிடலாம். சின்னத் திட்டு என்றால் களைக்கொத்து போதும்.

புரட்டாசியில், மழைக்கு முன்னால், விதையைத் தூவுங்கள். சுணை இருப்பதால் விதை காற்றில் பறக்கும், கையில் ஒட்டும். ஈரமணலோடும் பொடித்த எருவோடும் கலந்துகொண்டால் சீராக விழும். எறும்புத் தொல்லை இருக்கிற காட்டில் சாணியும் செம்மண்ணும் சேர்த்துச் சின்ன உருண்டையாகப் பிடித்துப் போடலாம். விதை ஆழமாகப் போகக் கூடாது. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மேலே வராது. தூவின பிறகு ஒரு முள் கிளையைக் கயிற்றில் கட்டி இழுத்தால் போதும், மூடிவிடும்.

அப்புறம், கடவைச் சாத்துங்கள்.

விதைத்த பிறகு

மேலே சொன்ன அத்தனையும் சேர்ந்தாலும் பாதி வேலைதான். மீதிப் பாதி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஐப்பசியில் முளைத்த புல்லை மார்கழியில் பார்த்தால் பச்சையாக, மேய்ச்சலுக்குத் தயார் மாதிரிதான் இருக்கும். கையில் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேரோடு வந்தால் ஆடும் அப்படித்தான் இழுக்கும். கதிர் வந்து, முற்றி, விதை உதிர்ந்த பிறகுதான் முதல் மேய்ச்சல். தை பிறக்கும் வரையாவது பொறுக்க வேண்டும். அந்த வருஷம் மழை குறைவு என்றால் இன்னும் தள்ளும். முதல் மேய்ச்சலும் மாட்டுக்கு, ஆட்டுக்கு அப்புறம். மாடு நாக்கால் சுழற்றி அறுக்கும், ஆடு அடியோடு கடிக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கொழுக்கட்டைப் புல் நம் மண்ணுக்கு உறவு. ஆனால் அதே புல்லை வெளிநாட்டில் இருந்து கொண்டுபோய் விதைத்த அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், அது கள்ளிகளுக்கு நடுவே பரவி, காய்ந்து, தீப்பிடித்து, அங்குள்ள தாவரங்களை அழிக்கிற களையாகிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் இதே புகார் உண்டு. நல்ல புல், கெட்ட புல் என்று பொதுவாக இல்லை, இடம்தான் முக்கியம். அதனால்தான் வெளி விதையைவிட இட்டேரி விதைக்கு முதலிடம் கொடுக்கச் சொல்கிறோம்.

காத்திருப்பதற்கு யார் கூலி கொடுப்பது?

இங்கேதான் சிக்கல். நாலு ஏக்கர் கொரங்காடும் இரண்டு மாடும் பதினைந்து ஆடும் வைத்திருக்கிற குடும்பத்திடம் போய், 'புரட்டாசியில் இருந்து தை வரைக்கும் கடவைச் சாத்துங்க' என்றால், 'அதுவரைக்கும் என்னத்தப் போடறதுங்க?' என்று திருப்பிக் கேட்பார்கள். சோளத்தட்டு விலைக்கு வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகுமா? ஆட்டை விற்றுவிட வேண்டியதுதான்.

இதற்குச் சொந்த முயற்சியில் ஒரு வழி உண்டு. காட்டை நாலாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கை மட்டும் மூடுவது. நாலு ஏக்கரில் ஒரு ஏக்கர் மூடினால் மற்ற மூன்றில் சமாளிக்கலாம். நாலு வருஷத்தில் முழுக் காடும் திரும்பும். நடுவில் வேலிக்குப் பதில் தற்காலிகமாக முள் அடைத்துக்கொள்ளலாம். மெதுவான வழிதான், ஆனால் ஒரு வருஷம் மழை பொய்த்தாலும் முழுக் காடும் போகாது.

ஆனால் எல்லாப் பாரத்தையும் அந்தக் குடும்பத்தின் தலையில் வைப்பது நியாயமா? நம் ஊரில் உதவி என்றாலே பெரும்பாலும் உழவுக்கு, கருவிக்கு, விதைக்கு என்றுதான் யோசிக்கிறோம். உழாமல் இருப்பதற்கு, மேய்க்காமல் விடுவதற்கு உதவி என்று யோசிப்பதில்லை. அடங்கலில் பயிர் எழுதாத நிலம் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால், பார்க்கிற கண்ணும் மாறிவிடுகிறது. சும்மா கிடக்கிற நிலம்தானே, மனை போடலாம், வேறு எதற்காவது கொடுத்துவிடலாம் என்று தோன்றும். நூறு வருஷம் மாட்டைக் காப்பாற்றின நிலத்துக்குத் தரிசு என்று பெயர்.

அமெரிக்காவில் 1985-இல் கொண்டுவந்த ஒரு திட்டத்தில், மண் அரிக்கக்கூடிய நிலத்தில் பயிர் வைக்காமல் புல் மூடி வைக்கிற விவசாயிக்கு 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஆண்டு வாடகை கொடுக்கிறார்கள். நம்மால் அவ்வளவு முடியாமல் இருக்கலாம். ஒரு ஏக்கர் கொரங்காட்டை நாலு மாதம் மூடி வைக்கிற சிறு விவசாயிக்கு அந்த நாலு மாதத்துக்கு உலர்தீவனம் கொடுக்க முடியாதா? பால் சங்கம் வழியாகவோ கால்நடை மருந்தகம் வழியாகவோ கொடுக்கலாம்.

நாம் கேட்பது மூன்று. ஒன்று, கொரங்காடு என்பதைத் தரிசாக அல்லாமல் மேய்ச்சல் நிலப் பயன்பாடாக ஆவணத்தில் எழுத வேண்டும். இரண்டு, மூடி வைக்கிற மாதங்களுக்கு உலர்தீவன உதவி. மூன்று, ஊரிலேயே கொழுக்கட்டை விதை உருவிச் சேர்க்கிற மகளிர் குழுக்களுக்கு அந்த விதையை விலைக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இந்த மூன்றுக்கும் புது இயந்திரம் தேவையில்லை.

ஐ.நா. 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. மாநாடுகள் நடக்கும், மலர்கள் வரும். கொங்கு மேட்டுக்காட்டுக்கு அதனால் ஏதாவது வர வேண்டும் என்றால் ஊரில் இருந்து குரல் போக வேண்டும். அக்டோபர் 2 கிராமசபை, சரியாகப் புரட்டாசியில் வருகிறது. அன்றைக்குப் போய் எழுந்து நின்று, 'எங்க கொரங்காட்டைத் தரிசுன்னு எழுதாதீங்க, நாலு மாசம் மூடி வெக்கத் தீவனம் குடுங்க' என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுத வையுங்கள்.

அதற்கு முன்னால் குச்சிச் சதுரத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஒரு நடை நடந்து எண்ணிவிடுங்கள். எத்தனை தூர் மிச்சம் என்று தெரியாமல் டிராக்டருக்கு மட்டும் போன் பண்ணாதீங்க.